குவாலா கூலாவில் குளிர்காலம்

ஈப்போவில் விடியுமுன் வேன் ஏறி, குவாலா கூலா அலையாத்திச் சேற்றங்கரையில் இறங்கினோம். பெயரென்னவோ 'குளிர்காலப் பறவை நடை'; எட்டு மணிக்கே சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். சைபீரியக் குளிருக்குப் பயந்து வந்த உள்ளான்கள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. ஆகஸ்டு முதல் ஏப்ரல் வரை இங்கேதான் ஜாகை என்றார் வழிகாட்டி. பாஸ்போர்ட் கிடையாது, பெர்மிட் கிடையாது.

"இதுங்ககிட்ட யாரும் ஐசி கேக்கறதில்லையா தம்பி?" என்றார் கூட வந்த பெரியவர். ரப்பர் தோட்டத்திலேயே பிறந்தவர். நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியை, அந்த அடையாள அட்டையை, குடிமகனுக்கான நீலமாக்க இலாகா இலாகாவாக ஏறி இறங்கியே தலை நரைத்தவர்.

"மெதுவா பேசுங்கய்யா, பறந்துடும்!"

"பறக்கட்டுமே. அதுக்குத் திரும்பிப் போக ஊரு இருக்கு."

சொல்லிவிட்டு, இரவல் தொலைநோக்கியை ஒட்டுக்கடைப் பக்கம் திருப்பினார்.