மனுவுக்கு அடியில ஒரு வரி

வா தம்பி, உக்காரு. பெங்களூரு சிவாஜிநகர் பக்கத்துச் சவப்பெட்டிக் கடையைக் காலி பண்ணச் சொல்லி மனுவா? மவ வீட்டுல சோறு திங்கிற கிழவன் கையெழுத்து செல்லும்னா தாராளமா போடுறேன். கண்ணாடி கிடைக்கிற வரைக்கும் நான் சொல்றதைக் கேளு.

ஆபீஸ் கிளம்புறப்ப பெட்டி கண்ணுல படுது, சகுனம் சரியில்லேங்கிறீங்க. சில்க் போர்டு நெரிசல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறதை விடவா கெட்ட சகுனம்? ஃபிளாட்டு விலை இறங்கிடுமாம். 'இங்கே சாவு கிடையாது'ன்னு விளம்பரம் குடுங்க, தானா ஏறும்.

அந்தக் கடையில அப்பன் பலகை அறுக்குறான். ஆத்தா பெட்டிக்குள்ள வெள்ளைத் துணி அடிச்சு லேஸ் தைக்கிறா. மவன் வண்டி ஓட்டுறான், ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுறான். தமிழு, கன்னடம், உருதுன்னு மூணுலயும் ஆறுதல் சொல்லுவான். துட்டுப் பேச்சை மட்டும் காரியம் முடிஞ்சப்புறம்தான் எடுப்பான்.

ராத்திரி 2 மணிக்கு ஒரு உசிரு போனா, நீங்க குரூப்புல கை கூப்புற பொம்மை போடுவீங்க. அந்தப் பையன் பிளக் எங்கேன்னு தேடி ஐஸ் பெட்டியை மாட்டுவான். அமெரிக்காவுல இருந்து மவன் வந்து சேரணுமே! வீட்டுலயே செத்திருந்தா டாக்டர்கிட்ட 4ஏ படிவம் வாங்கச் சொல்லுவான், 21 நாளுக்குள்ள பதியணும்னு ஞாபகப்படுத்துவான். எரிக்கிறதுன்னா வில்சன் கார்டன் மயானத்துல கேட்டு வைப்பான், புதைக்கிறதுன்னா கல்பள்ளிக்கு ஆள் அனுப்புவான். கல்பள்ளியில குழி வெட்டுற குடும்பங்க தலைமுறையா மயானத்துக்குள்ளயே குடியிருக்கு. நல்லவேளை, பிணத்தைப் பார்த்தா சகுனம் சரியில்லேன்னு அவங்க இன்னும் மனு போடல.

2021 கொரோனா மறந்துபோச்சா? சாமராஜ்பேட்டை மயான வாசல்ல 'ஹவுஸ்ஃபுல்'னு பலகை வச்சாங்களே, சினிமாக் கொட்டகை மாதிரி! வாங்க ஆள் வராத அஸ்தி 500-க்கு மேல சேர்ந்து, ஜூன் மாசம் அப்ப கர்நாடக மந்திரியா இருந்த அசோகாவே மளவள்ளி பக்கம் பெலகவாடிக்குக் கொண்டுபோய் காவேரியில கரைச்சாரு. பெத்த புள்ளைங்கள்ல சிலதுக்கு வரப் பயம், சிலதுக்கு வர வழியில்ல. குறை சொல்லல. ஆனா அந்த நாள்ல இந்த மாதிரிக் கடைக்காரன் நம்பருக்கு எத்தனை பேர் அலைஞ்சாங்க? இப்ப அவன் வண்டி நிறுத்துனா உங்க காத்து கெட்டுப் போவுதாக்கும்.

கடற்கரை ஊரா இருந்தா நாலெட்டு நடந்து கரைச்சிட்டு வந்துடலாம். இங்க சாம்பலுக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் பச்சிமவாகினி வரைக்கும் பயணம். அதுக்கும் வண்டி சொல்றது அவன்தான்.

சரி, கண்ணாடி கிடைச்சிருச்சு. பேனாவைக் குடு. அதுக்கு முந்தி ஒண்ணு. நம்ம லிஃப்டு இருக்கே, அதுல ஸ்ட்ரெச்சர் நுழையாது. பி பிளாக்குப் பெரியவர் போனப்ப, அந்தப் பையன்தான் அவரை நாற்காலியில உக்கார வச்சு, வேட்டியால கட்டி, தலையைத் தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டுக் கீழே இறக்குனான். லிஃப்டுல கூட வந்த அம்மா, தாத்தா தூங்குறாருன்னு நெனச்சு 'குட் மார்னிங்' சொல்லிட்டுப் போச்சு.

நான் இருக்கிறது 14-வது மாடி. ஆளும் ஆறடி. கடையை எடுத்துட்டா என் தலைப்பக்கம் நீ, கால்பக்கம் உங்க செக்ரட்டரின்னு மனுவுக்கு அடியில ஒரு வரி எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அடுத்தது என்னோடது.