பப்ளிக் இல்லாத வருஷம்
கேள்வி-பதில்

ப்ளஸ் ஒன் மாணவர், பாடி புதுநகர்: ப்ளஸ் ஒன்னுக்குத்தான் பப்ளிக்கை எடுத்துவிட்டார்களே! இந்த ஒரு வருஷமாவது ஃப்ரீயாக இருக்கலாமா சார்?

எடுத்தது பரீட்சையைத்தான் தம்பி, பாடத்தை எடுக்கவில்லை. அந்தப் பொதுத்தேர்வு 2017-18ல் ஏன் வந்தது தெரியுமா? பல பள்ளிகளில் ப்ளஸ் ஒன் புத்தகம் புதுக்கருக்கு மாறாமல் பையிலேயே கிடந்தது. ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷமும் ஓட்டினார்கள். மார்க் கொட்டியது. அதே பிள்ளைகள் இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் தொடர்ந்து பப்ளிக் என்ற பாரம் வேண்டாமென்று, மாநிலக் கல்விக் கொள்கை வந்த கையோடு 2025-26 முதல் அதை நீக்கினார்கள். நல்ல முடிவு. ஆனால் பழைய வியாதி திரும்பி வரவும் அதே கதவுதான் வழி.

உன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைப் பிரித்துப் பார். வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் இரண்டும் இந்த வருஷம்தான். அடுத்த வருஷம் வருவது அவற்றின் பயன்பாடுகள். கடைக்காலே போடாதவன் மாடிக்குப் படி கட்ட முடியுமா? நீட்டிலும் ஜேஇஇயிலும் இரண்டு வருஷப் பாடமும் சேர்ந்தே வரும். பயம் இல்லாமல், ரசித்து, நாலு கேள்வி கேட்டுப் படிக்கக் கிடைத்த வருஷம் இது. ஃப்ரீயாக இரு, புத்தகத்தோடு இரு.

ஓர் அம்மா, கொரட்டூர்: எல்லோரும் கட்-ஆஃப், கட்-ஆஃப் என்கிறார்கள். எனக்குப் புரியும்படி ஒரு தடவை சொல்லுங்களேன்.

கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. இதுதான் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான இன்ஜினியரிங் கட்-ஆஃப். பையன் கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 90 வாங்குகிறான் என்று வையுங்கள். கணக்கு மார்க் அப்படியே வரும், மற்ற இரண்டும் பாதியாகும். 92, 42, 45. கூட்டினால் 179. கணக்கில் ஒரு மார்க் நழுவினால் கட்-ஆஃபில் ஒன்று போகும். மற்ற இரண்டில் நழுவினால் அரை. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றாலும் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியலை.

நுழைவுத்தேர்வு 2007ல் போய்விட்டதால் இதற்குத் தனிப் பரீட்சை கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான் எல்லாம். தமிழும் ஆங்கிலமும் இந்தக் கணக்கில் சேராது என்பதற்காக அவற்றைத் தள்ளி வைக்க விடாதீர்கள். இண்டர்வியூவில் வாயைத் திறந்து பேச அந்த இரண்டும்தான் வேண்டும்.

ஓர் அப்பா, மண்ணூர்பேட்டை: மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. இப்போது ப்ளஸ் ஒன். ப்ளஸ் டூவுக்கு மட்டும் நல்ல பிரைவேட் ஸ்கூலில் போடு, கடன் வாங்கியாவது போடு என்று மச்சான் நச்சரிக்கிறார். செய்யலாமா?

ஐயா, தயவுசெய்து செய்துவிடாதீர்கள். கையில் இருக்கும் தங்கத்தைக் கொடுத்துக் கவரிங் வாங்கும் வேலை அது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி இடம் உண்டு. மருத்துவத்துக்கு 2020லும், இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம் போன்றவற்றுக்கு 2021லும் வந்தது. அந்த இடத்தில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். (பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன்.) ஒரே ஒரு வருஷம் பள்ளி மாறினாலும் 7.5 கைவிட்டுப் போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினாலும் அதே கதிதான். பெயரில் 'அரசு' இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

ஏதோ ஒரு பாடத்தில் வாத்தியார் போதவில்லை என்றால் அதற்கு மட்டும் டியூஷன் வையுங்கள். மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கடனை அவர் பெயரில் வாங்குவாரா என்றும் கேளுங்கள்.

ஒரு மாணவி, வில்லிவாக்கம்: சர்டிபிகேட் எல்லாம் ரிசல்ட் வந்தபிறகு பார்த்துக்கொண்டால் போதாதா?

போதாது பாப்பா. போன வருஷம் எம்.டி.எச். ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்ஜினியரிங் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். உன் வயசுப் பெண் ஒருத்தி, கட்-ஆஃப் 186, அம்மாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லா விவரமும் ஏற்றியாகிவிட்டது. ஓடிபி வரவேண்டும். பதிந்திருப்பது அப்பா நம்பர். அப்பாவோ தொழிற்பேட்டையில் மெஷின் ஷாப்பில் வேலை. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். ஷிப்ட் முடிவது மூன்றரை மணிக்கு. அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தபடி இருந்தார். மூன்று முப்பத்தைந்துக்கு அப்பா கூப்பிட்டு நம்பரைச் சொன்னார். உள்ளே போனால் அடுத்த சிக்கல். மார்க் ஷீட்டில் அவள் பெயரின் ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' இருக்கிறது, சாதிச் சான்றிதழில் அந்த 'எச்' இல்லை. ஆதாரில் இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயர் முழுசாக நீண்டு கிடக்கிறது. மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள்! அன்றைக்கு எப்படியோ விண்ணப்பம் போய்விட்டது. சான்றிதழ் சரிபார்க்கும்போது அந்தக் குடும்பம் இ-சேவைக்கும் தாலுகா ஆபீஸுக்குமாக நடந்த நடை, திருப்பதிக்கு நடந்திருந்தால் மொட்டை போட்டுத் திரும்பியிருக்கலாம்.

அதனால் இந்த வருஷமே இதைச் செய். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உன் பெயர் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்தில் ஆதாரும் சாதிச் சான்றிதழும் பேங்க் பாஸ்புக்கும் இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பிசகு இருந்தால் இப்போதே திருத்து. வீட்டில் எப்போதும் இருப்பவர் நம்பரைக் கொடு. உனக்கென ஒரு இமெயில் திறந்து, பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வை.

இன்னொன்று. மாநில அரசு தரும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் செல்லும். ஆனால் ஐஐடி, என்ஐடி, நீட் அகில இந்திய ஒதுக்கீடு என்று போனால் ஓபிசி சான்றிதழ் தனியாக, அவர்கள் கேட்கும் படிவத்தில், சேரும் வருஷத்தின் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக வேண்டும். இடம் கிடைத்தும் இந்த ஒரு தாள் இல்லாமல் தவித்தவர்கள் உண்டு.

ஓர் அம்மா, பாடி: வியாழக்கிழமை தவறாமல் திருவலிதாயம் கோயிலில் குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறேன். மகன் படிப்பு தேறுமா?

தேறும் அம்மா. தேவர்களுக்கே வாத்தியாரான குரு இந்தக் கோயிலில் தவம் செய்துதான் விமோசனம் பெற்றார் என்கிறது தலபுராணம். குருவுக்கே தவத்திலிருந்து விலக்கு இல்லை. நீங்கள் மாலையைச் சாத்துங்கள், தவத்தை மகனிடம் விடுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் கணக்குப் போட்டால் அதுவே தவம்.

ப்ளஸ் ஒன் மாணவர், முகப்பேர்: பயோ-மேத்ஸ் எடுத்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. தப்பான குரூப் எடுத்தவன் வாழ்க்கை அவ்வளவுதானா?

தொடங்கிச் சில வாரம்தான் ஆகிறதென்றால் இன்றே தலைமை ஆசிரியரைப் பார். மாற்ற வழி இருக்கும். அரைப் பரீட்சை தாண்டிவிட்டதென்றால் கவலையை விடு.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பையன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் படித்தான். முடிக்கும் தறுவாயில்தான், நமக்கு வேண்டியது இன்ஜினியரிங் என்று அவனுக்குப் பிடிபட்டது. அதன்பிறகு குரோம்பேட்டை எம்ஐடிக்கு விண்ணப்பித்தான். சேர்க்கைப் பணத்துக்கு அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அப்துல் கலாம் கதைதான். ஒரு பட்டத்தையே படித்து முடித்தபிறகு திசை திரும்பியவர் அவர். நீ ப்ளஸ் ஒன்னிலேயே கண்டுபிடித்துவிட்டாய்!

எந்தப் பாடம் பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுது. பாடம் பிடிக்கவில்லையா, நடத்துகிறவரின் அதட்டல் பிடிக்கவில்லையா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாவது என்றால் அதற்குக் குரூப் மாற வேண்டியதில்லை.

காமர்ஸ் மாணவி, அம்பத்தூர்: 'ஓ, காமர்ஸா?' என்று இழுக்கிறார்கள் சார்.

இழுக்கட்டும். சிஏ ஃபவுண்டேஷன் பரீட்சை வருஷத்துக்கு மூன்று முறை நடக்கிறது, ப்ளஸ் டூ முடித்ததும் எழுதலாம். தரமணியில் சீர்மிகு சட்டப் பள்ளி ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கிறது, எந்தக் குரூப்பும் சரி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் நுழைவுத்தேர்வு. அரசுக் கலைக் கல்லூரிகளில் மொழிப் பாடம் போக உங்கள் நாலு பாடத்தின் 400 மார்க்கை வைத்து ரேங்க் போடுவார்கள். இழுத்தவர்கள் வீட்டு வருமான வரியை நாளைக்கு நீங்கள்தான் பார்த்துத் தரப்போகிறீர்கள்.

லேத் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், பாடி: பையனுக்கு மெஷின் என்றால் உயிர். வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ் என்கிறார்கள். மெக்கானிக்கலுக்கு இனி மதிப்பு இருக்கா?

பாடியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா ஐயா? நம் ஊர் பஸ் ஸ்டாப்புக்கே லூகாஸ் டிவிஎஸ் என்றுதான் பெயர். 1961ல் தொடங்கிய கம்பெனி. பக்கத்தில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998ல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியபோது, இந்தியாவிலேயே அதை வாங்கிய முதல் கம்பெனி அது. தரத்துக்கு உலகம் கொடுக்கும் பெரிய மாலை நம் தெருவுக்கு வந்தது.

மெக்கானிக்கல் சாகவில்லை, மாறிக்கொண்டிருக்கிறது. மோட்டாரும் பேட்டரியும் சென்சாரும் தெரிந்த மெக்கானிக்கல்காரன்தான் இனி வேண்டும். பையனுக்கு ஆசை இருந்தால் அந்த ஆசைதான் பெரிய சொத்து. கம்ப்யூட்டரை அதன் மேல் கற்றுக்கொள்ளலாம். ஆசையை எந்தக் கோர்ஸிலும் கற்றுத்தர மாட்டார்கள்.

மார்க் குறைந்துவிட்டாலும் வழி அடைபடாது. ப்ளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமா முடித்தால் இன்ஜினியரிங்கிலும் நேரே இரண்டாம் வருஷம். அப்படிச் சுற்றி வந்தவன் கையில் வேலையும் இருக்கும், பட்டமும் இருக்கும். இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் உங்கள் பட்டறையில் நிறுத்துங்கள். மெஷின் மேல் உள்ளது ஆசையா, வேடிக்கையா என்று இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும்.

ஓர் அப்பா, அண்ணா நகர் மேற்கு: கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? விளம்பரம் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

விளம்பரத்தில் கட்டடம் நன்றாக இருக்கும். நீங்கள் ஒரு வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள். வாசலில் டீக்கடை இருக்கும். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் நிற்பார்கள். "லேபில் மெஷினைத் தொட விடுகிறார்களா தம்பி? வாத்தியார்கள் வருஷா வருஷம் மாறுகிறார்களா?" என்று கேளுங்கள். செமஸ்டர் தேர்ச்சி விகிதம் என்னவென்று அலுவலகத்தில் விசாரியுங்கள். கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. உண்மையான விருப்ப வரிசையில் நிறையப் போடுங்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணை இரண்டு தடவை சரிபாருங்கள். ஒரு எண் மாறினால் ஊரே மாறிவிடும்.

ஓர் அப்பா, பாடி: நான் எட்டாவது வரைதான். நைட் ஷிப்ட். மகள் ப்ளஸ் ஒன். எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அவளுக்கு நான் என்ன செய்ய முடியும் சார்?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் ஐயா. நிறைய செய்யலாம்.

வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையென்றால், உங்கள் மகள் முதல் பட்டதாரி. கவுன்சலிங் மூலம் தொழிற்கல்வி சேர்ந்தால் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்ந்தால் கிடையாது. யாராவது 'டொனேஷன் கொடுங்கள், சீட் வாங்கித் தருகிறேன்' என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதற்கு மேலும் பணம் வேண்டியிருந்தால் 4 லட்சம் வரை அடமானம் இல்லாமல் பேங்கில் கல்விக் கடன் உண்டு. வட்டிக்காரரிடம் போகவே போகாதீர்கள்.

பாடம் சொல்லித்தர உங்களால் முடியாது என்று வருத்தப்படாதீர்கள். பகலில் நீங்கள் தூங்க வேண்டியிருக்கும், தெரியும். ஆனாலும் சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்புமுன் பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்றைக்கு என்னம்மா நடத்தினாங்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவளால் சொல்ல முடிந்தால், அந்தப் பாடம் அவளுக்குத் தெரியும் என்று அர்த்தம். பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் ஒரு மணி நேரம் தூக்கத்தை விட்டாவது போங்கள். கடைசி பெஞ்சில் உட்காராதீர்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி வைக்கலாம். கட்டணம் 60 ரூபாய். ஆதார், ரேஷன் கார்டு, மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மூன்றையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரம் உங்களுக்கு லீவு விழும் நாளில், அவளையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.