மடக்கு வீடு வாங்கலாமா?

கேள்வி: மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கேம்பிங் போக, பின்பக்கம் மடிந்து விரியும் கேம்பர் டிரெய்லர் வாங்கலாமா?
– ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: தாராளமாக! மூடியே பின்னால் சாய்ந்து தரையாகிவிடும். உங்கள் படுக்கை டிரெய்லர் மேல், பிள்ளைகளுடையது கீழே அந்தத் தரையில். முன்பக்கம் மடியும் வகையில் பெரும்பாலும் பகலில் உட்காரும் சோபாதான் இரவில் பிள்ளைகளின் படுக்கை. பின்பக்க வகையில் அதைத் தினமும் யார் மாற்றுவது என்ற பஞ்சாயத்து வேண்டாம்.

விற்பவர் இழுத்துக் காட்டும் சமையலறையில் மட்டும் மயங்கிவிடாதீர்கள். டிரெய்லரில் எடை விவரம் பொறித்த தகட்டைப் பாருங்கள். அதில் உள்ள ஏடிஎம் என்றால் பணம் தரும் இயந்திரமல்ல, டிரெய்லருக்கு அனுமதித்த மொத்த எடை. அதில் வெற்று எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் மூட்டைமுடிச்சுக்கு. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோவை விழுங்கிவிடும். கிரைண்டர் ஏறும் முன் இந்தக் கணக்கை வீட்டில் காட்டிவிடுங்கள். (காட்டும் துணிச்சல் உங்கள் பொறுப்பு.)

ஈரக் கான்வாஸை மடித்தே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் விரித்து உலர்த்த இடம் வேண்டும். முதலில் வாடகைக்கு எடுத்து, மழையில் ஒருமுறை விரித்து மடியுங்கள். அதன் பிறகும் நால்வரும் பேசிக்கொண்டால், வாங்கிவிடுங்கள்.