மூலத்தில் அப்படி இல்லை

அனிமே தொடங்கிய நாலாவது நிமிடத்தில் பெருமூச்சுச் சத்தம் கேட்டால், அறையில் மூலநூல்காரர், அதாவது அந்த அனிமேக்கு மூலமான நாவலை முன்பே படித்தவர், இருக்கிறார் என்று பொருள். கதாநாயகன் இன்னும் செத்துக்கூட முடித்திருக்க மாட்டான். அவனை வேற்றுலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டிய லாரி அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கும். அதற்குள் இவர் மூன்று பிழைகளைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு அவன் கடையில் என்னென்ன வாங்கினான் என்கிற இரண்டு பக்க வருணனை போயே போய்விட்டது. அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்ட கடிஜோக் ஒன்றைக் காணோம். போதாக்குறைக்கு வெயில் வேறு அடிக்கிறது. "மூலத்தில் மேகமூட்டம்" என்பார் மெதுவாக, யாரும் கேட்காமலே.

ஆள் பார்வைக்குச் சாது. நாற்பது வயது. சைதாமாவில் வீடு. தினமும் ரயிலேறி இகெபுகுரோ வந்து ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஜப்பானில் நெரிசலான எந்த ரயில் பெட்டியிலும் இவரைப் போல ஒருவராவது நின்றுகொண்டிருப்பார். அடையாளம் காண்பதுதான் கடினம். அந்த ஊர்ப் புத்தகக் கடைகளில் பில் போடும்போதே "அட்டை போட்டுத் தரட்டுமா?" என்று கேட்பார்கள். காகிதத்தை மடித்து அட்டை போட்டுக் கொடுத்துவிட்டால், உள்ளே இருப்பது நாட்சுமே சோசெகியா, வருமான வரிச் சட்டமா என்று பக்கத்து ஆளுக்குத் தெரியாது. இவர் படிக்கும் லைட் நாவல், அதாவது இந்த அனிமேக்களுக்கு மூலமான ஜனரஞ்சக நாவல், கோட்டுப் பையில் அடங்கும் ஏ6 அளவுப் புத்தகம்தான். நம்மவர் முகத்தையும் வரிச் சட்டத்துக்கு ஏற்ற மாதிரியே வைத்துக்கொள்வார்.

சிக்கல் என்னவென்றால் அதில் படம் உண்டு. முன்னூறு பக்கத்துக்குச் சுமார் பத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள், பெரும்பாலும் முழுப்பக்கம். அவற்றில் ஒன்றாவது நாயகி வெந்நீர் ஊற்றில் குளிக்கும் காட்சியாக அமைந்துவிடும். டிராகன்கள் ஊரைக் கொளுத்தும் கதையாக இருந்தாலும் சரி, நடுவில் குளிக்க நேரம் இருக்கும். பக்கத்தில் நிற்கும் பாட்டி கழுத்தை நீட்டும் நேரம் பார்த்துத்தான் அந்தப் பக்கம் வந்து சேரும். அனுபவஸ்தர் ஆகையால் இவர் முதல்நாள் இரவே புத்தகத்தைப் புரட்டி ஆபத்தான பக்கங்களின் எண்களை மனப்பாடம் செய்துவைத்திருப்பார். 143 வரும்போது கட்டைவிரல் தானாகவே இரண்டு தாளைச் சேர்த்துத் தள்ளிவிடும்.

வீட்டில் இந்த அவசரம் கிடையாது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருவார். முதலில், முன்பக்கத்தில் பளபளப்புத் தாளில் அச்சாகியிருக்கும் வண்ணப்படங்கள். அடுத்து, கடைசியில் இருக்கும் ஆசிரியர் பின்னுரை. அதற்கப்புறம்தான் கதை. 'கினோவின் பயணம்' எழுதிய சிகுசாவா கெய்ச்சி இந்த வர்க்கத்தாரை நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர். பின்னுரையை வழக்கமான இடத்தில் வைக்காமல், எதிர்பாராத இடத்தில் ஒளித்துவைத்து விளையாடுவார். அதைத் தேடுவதற்கென்றே இவர் ஒரு மாலையை ஒதுக்குவதுண்டு. அகப்பட்டுவிட்ட நிம்மதியில் கதையைப் படிக்காமலே தூங்கிவிடுவதும் உண்டு.

ஒரே பாகத்தில் மூன்று பிரதி வாங்குவார். பைத்தியம் அல்ல, வியாபாரம் அப்படி. அனிமேட் கடையில் வாங்கினால் ஒரு குட்டிக் கதை அச்சிட்ட துண்டுத்தாள் இலவசம். கேமர்ஸில் வேறொரு கதை. மெலன்புக்ஸில் இன்னொன்று. ஒன்றில் நாயகி ரொட்டி சுடுவாள், ஒன்றில் காய்ச்சலில் படுத்திருப்பாள். ரொட்டி மட்டும் போதாதா என்று கேட்டுப் பாருங்கள். "காய்ச்சல் தெரியாமல் ஐந்தாம் பாகம் எப்படிப் புரியும்?" என்று திருப்பிக் கேட்பார்.

தலைப்பைச் சுருக்குவதும் இவருக்கு ஆகாது. ஊர் உலகமெல்லாம் 'டான்மாச்சி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகும் நாவலை, 'நிலவறையில் சந்திப்பைத் தேடுவது தவறாகுமா' என்று கல்லாவில் முழுசாகத்தான் கேட்பார். இதுவாவது பரவாயில்லை. 'தானியங்கி விற்பனை இயந்திரமாக மறுபிறவி எடுத்த நான் நிலவறையில் அலைகிறேன்' என்றொரு நாவல் இருக்கிறது. 2023இல் அனிமேயாகவும் வந்தது. அதை இவர் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் வரிசை படிக்கட்டுக்குப் போய்விடும். இந்த நீளத்துக்கும் காரணம் உண்டு. 2004இல் தொடங்கிய 'ஷோசெட்சுகா நி நாரோ' என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தொடர்கதை எழுதலாம். அங்கே குவிந்து கிடக்கும் கதைகளுக்கு நடுவே வாசகன் கண்ணில் முதலில் படுவது தலைப்புதான். கதைச் சுருக்கத்தை அங்கேயே கொட்டிவிட்டால்தான் உள்ளே வருவான்.

"எனக்கு எழுத்துதான் வேதம்" என்று அடிக்கடி சொல்வார். நம்பாதீர்கள். நாயகியின் முடி தோள்வரை என்று ஆசிரியர் எழுதியிருப்பார். ஓவியர் இடுப்புவரை வரைந்திருப்பார். இவர் கட்சி ஓவியர் பக்கம்தான். "ஆசிரியருக்கு ஞாபகப் பிசகு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். 'ஓவர்லார்ட்' நாவல்களுக்கு சோ-பின் என்ற ஓவியர் வரைந்த படங்களை இவர் பூஜை செய்யாத குறை. 2015இல் அது அனிமேயாக வந்தபோது, புத்தகத்தை டிவிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எலும்புக்கூட்டு மந்திரவாதியின் அங்கியில் மடிப்புகளைத் தேடினார். ஓவியர் ஒரு படத்தில் இழைத்த அத்தனை மடிப்பையும் ஓடுகிற படத்துக்காகத் திரும்பத் திரும்ப வரைய முடியாது. அதனால்தான் அனிமேக்கென்று தனியாக ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் கோடு குறைத்து வரைந்து கொடுப்பார். இது இவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? மடிப்பு வரவில்லையே.

சரி, அனிமேயே வேண்டாம் என்று இருப்பவரா? அங்கேதான் வேடிக்கை. ஜப்பானியப் புத்தகத்தின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்கும், ஓபி என்பார்கள். தனக்குப் பிடித்த நாவலின் ஓபியில் 'அனிமேயாகிறது!' என்ற வரி எப்போது வரும் என்று வருடக்கணக்கில் கடை கடையாகப் பார்த்துக்கொண்டிருப்பவரே இவர்தான். வந்த அன்றைக்கு வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் இரவு கால்குலேட்டரை எடுப்பார்.

ஒரு பருவத்துக்கு 12 அத்தியாயம். ஒவ்வொன்றும் 24 நிமிடம். தொடக்கப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம் கழித்தால் மிச்சம் 21. ஆக மொத்தம் 4 மணி 12 நிமிடம். இதற்குள் மூன்று பாகம், தொள்ளாயிரம் பக்கம். நிமிடத்துக்கு மூன்றரைப் பக்கம்! அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. எப்படியும் வராதுதான், அவர் பார்க்கும் தொடர்களெல்லாம் நள்ளிரவுக்கு மேல் வருபவை. பின்னிரவு ஒன்றரை மணியை ஜப்பானிய டிவி அட்டவணையில் 25:30 என்று போடுவார்கள். ஒரு நாளைக்கு இருபத்தைந்தாவது மணி ஒன்று உண்டு என்று நம்பி வாழும் மனிதர்.

அனிமே எடுக்கப் பணம் போடும் தயாரிப்புக் குழுவில் பதிப்பகமும் ஒரு பங்காளியாக உட்கார்ந்திருக்கும். படம் ஓடினால் புத்தகம் விற்கும் என்பது கணக்கு. கதை பாதியில் நின்றால், மீதியைத் தெரிந்துகொள்ள ஆள் கடைக்கு வந்துதானே ஆகவேண்டும்? ஆக, தன் உயிரான நாவலுக்கு எடுக்கப்படுவது நாலு மணிநேர விளம்பரம் என்பதைப் புரிந்துகொண்டும், அந்த விளம்பரத்தில் மேகமூட்டம் இல்லையே என்று வருந்துகிறவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய மனக்குறைகள் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கின்றன, கணக்கர் அல்லவா. 'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்' அவருக்கு உயிர். ஊர் ஊராகப் போகும் வியாபாரியும் ஓநாய்த் தேவதையும் சேர்ந்து, ஒரு வெள்ளி நாணயத்தின் தரம் கூடப்போகிறதா குறையப்போகிறதா என்று மண்டையைக் குடையும் கதை. கணக்கருக்கு இதைவிடக் காவியம் வேண்டுமா? 2008இல் அனிமே வந்தது. முதல் கதையில் வரும் யாரேய் என்ற ஆண்பிள்ளையைத் தூக்கிவிட்டு, க்ளோயி என்ற பெண்ணைப் போட்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டார். 2009இல் இரண்டாம் பருவம் வந்தது. மூன்றாம் பாகத்தை எடுத்தார்கள், அதை முடித்ததும் நேரே ஐந்தாம் பாகத்துக்குப் போய்விட்டார்கள். "நாலு எங்கே?" என்று அவர் கேட்டது வருடக்கணக்கில் கேட்டபடியே இருந்தது. 2024இல் அதே இரண்டு குரல் நடிகர்களை வைத்து முதலிலிருந்து மறுபடி எடுக்க ஆரம்பித்தபோது, அழுதாரா சிரித்தாரா என்று மனைவிக்கே புரியவில்லை.

'இன்டெக்ஸ்' என்ற நாவல் தொடரின் கணக்கு இன்னும் மோசம். 2008இல் வந்த முதல் தொடர் 24 அத்தியாயத்தில் ஆறு பாகத்தைச் சொன்னது. பத்து வருடம் கழித்து வந்த மூன்றாவது தொடரோ 26 அத்தியாயத்துக்குள் 14ஆம் பாகத்திலிருந்து 22ஆம் பாகம்வரை ஓடித் தீர்த்தது. யார் யாரை ஏன் அடிக்கிறார்கள் என்று விளங்கவேண்டுமானால் பக்கத்தில் ஒருவர் புத்தகத்தோடு உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை.

சாத்தான் அரசன் டோக்கியோவுக்குத் தப்பி வந்து, ஹதகாயா பகுதியில் ஒரு பர்கர் கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் கதை ஒன்று உண்டு. 2013இல் முதல் பருவம். அடுத்த பருவத்துக்காக இவர் காத்திருந்தார். நாவலே 2020இல் 21 பாகத்தோடு முடிந்துபோனது, அப்போதும் காத்திருந்தார். 2022இல் வந்தே விட்டது. "இது என் சாத்தானின் மூக்கு இல்லை" என்றார்.

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கும் விஷயத்தில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் அனுதாபம் உண்டு. ஓனோ ஃபுயுமியின் 'பன்னிரு ராஜ்ஜியங்கள்' நாவலில் யோக்கோ என்ற பள்ளி மாணவி வேற்றுலகில் தன்னந்தனியாக அலைகிறாள். பக்கம் பக்கமாக அவள் மனசுக்குள்தான் கதை நடக்கிறது. மனசுக்குள் கேமரா போகாது. ஆகவே 2002இல் என்எச்கேயில் வந்த அனிமேயில், பேச்சுத் துணைக்கு வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரைக் கூட அனுப்பிவிட்டார்கள். அதில் அசானோ என்ற பையன் நாவலிலேயே கிடையாது. அவன் அங்கே படாத பாடு படுகிறான். நம்மவர் சொல்வார்: "அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாவத்துக்கு மூலத்தில் ஆதாரம் இல்லை."

மனைவி நாவல் படிப்பதில்லை. அனிமே பார்ப்பார், அழ வேண்டிய இடத்தில் நன்றாக அழுவார்.

"இந்த இடம் நாவலில் பதினொரு பக்கம்" என்பார் இவர்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் பாருங்களேன்."

"அவள் உடனே மன்னிக்கவில்லை. மூன்று பத்தி யோசித்தாள்."

"மூணு பத்தி யோசிச்சாளா? நான் உங்களை மூணு பத்தி யோசிச்சிருந்தா இந்தக் கல்யாணமே நடந்திருக்காது."

இத்தனை வைராக்கியமும் எங்கிருந்து வந்தது? புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்த அக்கா ஒரு முறை போட்டு உடைத்துவிட்டார். 1995இல் டிவி டோக்கியோவில் 'ஸ்லேயர்ஸ்' ஒளிபரப்பானபோது இவருக்குப் பத்து வயது. ஹயஷிபாரா மெகுமியின் குரலில் நாயகி லினா மந்திரம் போடுவதைக் கேட்டுச் சொக்கிப்போய், அது புத்தகமாகவும் இருக்கிறது என்று அறிந்து, சேமித்த காசில் முதல் மூன்று பாகத்தையும் வாங்கிவந்தாராம். அந்த அனிமேயில் அமேலியா என்ற இளவரசி முதல் பருவத்திலேயே வந்து சேர்ந்துகொள்கிறாள். நாவலிலோ நாலாம் பாகத்தில்தான் தலைகாட்டுகிறாள். "மூணு புத்தகத்தையும் வச்சுக்கிட்டு, அமேலியா எங்கே, டிவியில இப்படி இல்லையேன்னு ராத்திரி பூரா அழுதான்" என்றார் அக்கா. நம்மவர் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். இன்றைக்கும் லினாவின் வசனத்தை அவர் மனசுக்குள் படிக்கும்போது கேட்பது ஹயஷிபாராவின் குரல்தான். மூலத்தில் குரலே கிடையாது.

அவரை வாயடைக்க வைத்த அனிமேயும் ஒன்று உண்டு. 'கோனோசுபா' நாவலுக்கு மிஷிமா குரோனே வரைந்த படங்கள் கண்ணாடிப் பாத்திரத்தைப் போல அத்தனை நறுவிசு. அதன் கதாநாயகன் லாரி மோதியெல்லாம் சாகவில்லை. மெதுவாக வந்த டிராக்டரை லாரி என்று எண்ணிப் பயந்தே செத்தவன். 2016இல் அனிமேயில் பார்த்தால், முகங்கள் இஷ்டத்துக்கு இழுபட்டு, கோணிக்கொண்டு, ஒவ்வொரு காட்சியிலும் வேறு வேறு மாதிரி. இவர் பெருமூச்சுக்குத் தயாராக மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே வந்தது சிரிப்பு. ஆசிரியர் எழுத்தில் செய்த கோணங்கித்தனத்தை அந்தக் கோணல் முகம்தான் சரியாகப் பிடித்திருந்தது. அந்தத் தொடரைப் பற்றி அவர் ஏட்டில் ஒரு பக்கம் காலியாகவே இருக்கிறது.

மற்றபடி ஏடு நிறைந்துதான் இருக்கிறது. இடப்பக்கம் மூலத்தில் இருந்தது, வலப்பக்கம் திரையில் வந்தது, விடுபட்டது சிவப்பு மையில். போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் மதிய இடைவேளையில் தயங்கித் தயங்கி வந்தான். "சென்பாய், அந்த அனிமே முடிஞ்சுபோச்சு. கதவைத் திறந்ததோட நிறுத்திட்டாங்க. மீதிக்கு நாலாம் பாகத்துல இருந்து படிச்சாப் போதுமா?"

இவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். இழுப்பறையில் இருந்து ஏட்டை எடுத்தார். கூடவே, இதற்கென்றே பத்திரப்படுத்தியிருந்த மூன்றாவது பிரதிகள், ஒன்றாம் பாகத்திலிருந்து. "நாலில் ஆரம்பித்தால் ஒன்றுமே விளங்காது, தம்பி. முதலில் அந்தக் கடை வருணனை..."

இரண்டு மணிக்கு மீட்டிங் மணி அடித்தது. அப்போதும் கதாநாயகன் கடையைவிட்டு வெளியே வரவில்லை. பையன் புத்தகங்களை அள்ளிக்கொண்டு எழுந்தவன், தப்பிக்கிற அவசரத்தில் சொன்னான்: "ரெண்டாவது பருவமும் வருதாம் சென்பாய், புதுப் பாகத்தோட ஓபியில போட்டிருக்காங்க."

அவர் கால்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்தார். "எத்தனை அத்தியாயமாம்?"