கடை வாசலில் குதித்துப் பார்ப்பவர்களுக்கு

கே: முன்னும் பின்னும் ஷாக் வைத்த மலைச் சைக்கிளை எல்லாம் கடைக்காரர் ‘எண்டியூரோ’ என்கிறார். நம்பலாமா?

ப: எண்டியூரோ என்பது முதலில் ஒரு பந்தயம். சைக்கிள் அதற்குப் பிறகு வந்தது. பந்தயத்தில் இறக்கங்களுக்கு மட்டும்தான் கடிகாரம் ஓடும். அடுத்த இறக்கம் தொடங்கும் இடத்துக்கு மிதித்து ஏறுவது உங்கள் பாடு. குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். வழியில் யாரையெல்லாம் திட்டினீர்கள் என்று கணக்கெடுப்பதில்லை. 2000-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் வளர்ந்த பழக்கம் இது. 2013-ல் உலகத் தொடராகி, 2023-லிருந்து சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் உலகக் கோப்பையாக நடக்கிறது.

வண்டியின் ஜாதகமே இந்த விதியில்தான் இருக்கிறது. முரட்டு இறக்கத்தைத் தாங்க வேண்டும். ஆனால் உங்கள் கால்பலத்தில் மேலேயும் போக வேண்டும். அதனால் சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம், அதாவது டிராவல், 150 முதல் 180 மி.மீ. வரை வைக்கிறார்கள். 100, 120 என்றால் அது கிராஸ்கன்ட்ரி வண்டி. 200 என்றால் டவுன்ஹில். அதை லிஃப்டிலோ வேனிலோ ஏற்றித்தான் மேலே கொண்டுபோவார்கள். உங்கள் கடைக்காரர் காட்டிய வண்டியில் 120 என்று இருந்தால், அவர் சொன்னதில் ‘சைக்கிள்’ என்பது மட்டும் உண்மை.

கே: சீட்டைக் கையால் அழுத்தினேன். மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. வாங்கிவிடலாமா?

ப: மெத்தைதான் வேண்டுமென்றால் வேறு கடையில் மலிவாகக் கிடைக்கும். கையால் அழுத்தினால் தெரிவது உங்கள் கைபலம். வாசலில் நாலு குதி குதித்தால் தெரிவது கடைக்காரரின் பொறுமை. வண்டியைப் பற்றி இரண்டிலும் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் அந்த ஷாக்கில் இருக்கும் காற்று உங்களுக்காக அடித்தது அல்ல. நேற்று வந்துபோன யாரோ ஒருவருக்காக அடித்தது.

முதல் வேலை ‘சேக்’ பார்ப்பது. நீங்கள் ஏறியதும் வண்டி எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்ற கணக்கு அது. ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறிச் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை நண்பர் ஒருவர் அடிவரை தள்ளிவைக்கட்டும். பிறகு ஆடாமல் மெல்ல இறங்கி, வளையம் நகர்ந்திருக்கும் தூரத்தை அளந்துபாருங்கள். பின்னால் 30 சதவீதத்தை ஒட்டியும் முன் ஃபோர்க்கில் 15 முதல் 20 சதவீதமும் இருந்தால் சரி. பலர் சறுக்குவது இங்கேதான்: பின்சக்கரத்தின் டிராவல் 170 மி.மீ. என்றாலும், இணைப்புத் தண்டுகளின் நெம்புகோல் கணக்கால் ஷாக்கின் தண்டு நகர்வது 65 மி.மீ.தான் இருக்கும். 30 சதவீதத்தை அந்த 65-ல் பார்க்க வேண்டும். சுமார் 20 மி.மீ. வரும். 170-ல் கணக்குப் போட்டு 51 மி.மீ. அமுங்கும்வரை காற்றை இறக்கினால், முதல் கல்லிலேயே ஷாக் அடி முட்டும். கடைக்காரர் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்பார், சொல்லியிருக்காவிட்டாலும்.

கடையில் ஷாக் பம்ப் இல்லையா? கடை மாற்றுங்கள்.

கே: ஒரே விலையில் இரண்டு வண்டிகள். ஒன்றில் தங்கநிறத் தண்டு மின்னும் உயர்ரக ஃபோர்க்கும் கியரும். ஃபிரேம் பழைய வடிவம். மற்றதில் ஃபிரேம் புதிது, மற்றதெல்லாம் சுமார். எது?

ப: இரண்டாவது. கியர் தேயும், செயின் நீளும், ஃபோர்க்கைக்கூட ஒருநாள் மாற்றுவீர்கள். ஃபிரேமின் கோணம் நீங்கள் விற்கும்வரை அப்படியேதான் இருக்கும்.

முதலில் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் தரையோடு சாய்ந்து நிற்கும் கோணம். இன்றைய எண்டியூரோவில் 63 முதல் 65 டிகிரிக்குள் இருக்கும். எண் குறையக் குறைய முன்சக்கரம் உங்களுக்கு முன்னால் தள்ளிப் போகும். செங்குத்தில் ஹேண்டிலைத் தாண்டிப் பறக்கும் வாய்ப்பும் குறையும். சமதரையில் மெதுவாகத் திரும்பும்போது கொஞ்சம் அடம்பிடிக்கும். அதற்காகக் கோபப்படாதீர்கள், அது சமதரைக்குப் பிறந்ததல்ல. அடுத்தது சீட் கோணம். 76-க்குக் குறைந்தால் ஏற்றத்தில் உடம்பு பின்சக்கரத்தின் மேல் போய்விடும், முன்சக்கரம் மேலே எழும். மூன்றாவது ரீச்: பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் ஹெட் குழாய் உச்சிவரை கிடைமட்டத்தில் உள்ள தூரம், அதாவது எழுந்து நிற்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் இடம். 450 முதல் 500 மி.மீ. வரை பார்க்கலாம். ‘எம்’, ‘எல்’ என்ற எழுத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ‘எல்’ இன்னொரு கம்பெனியின் ‘எம்’ ஆக இருக்கும்.

சுமாரான பாகங்களில் நான் சமரசம் செய்யாதவை இரண்டு: பிரேக், டயர். நான்கு பிஸ்டன் பிரேக்கும் முன்னால் 200 மி.மீ. ரோட்டரும் இல்லாவிட்டால், விலையில் அதையும் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கே: தூக்கிப் பார்த்தேன், 16 கிலோ. கனமில்லையா?

ப: தோளில் சுமக்கவா வாங்குகிறீர்கள்? இந்த வகையில் 15, 16, 17 எல்லாம் சகஜம். கடைத் தராசில் இளைத்துக் காட்ட வேண்டுமென்றால் மெல்லிய டயரைப் போடுவார்கள். கூரான கல்லில் நிற்கும் டயர், ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். இளைத்த வண்டியைக் கண்டால் முதலில் டயரைக் கிள்ளிப் பாருங்கள்.

கே: ஏறும்போது மிதிப்பதில் பாதி ஷாக்குக்கே போகிறது என்கிறார்கள். லாக் லீவர் இருந்தால் போதுமா?

ப: லீவர் ஊன்றுகோல். நல்ல வடிவமைப்பில் அதைத் தொட மறந்துவிடுவீர்கள். மிதிக்கும்போது உங்கள் எடை பின்னால் சரிந்து ஷாக்கை அமுக்கப் பார்க்கும். செயின் இழுப்பு அதை எதிர்த்துத் தாங்கும்படி இணைப்புகளை அமைக்கிறார்கள். இந்த எதிர்ப்பு குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் வண்டி தலையாட்டும். அளவு மீறினால் இறக்கத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் பெடல் உங்கள் காலை உதைக்கும். சுழல் மையத்தை உயரே வைத்து, செயினை ஒரு சின்னக் கப்பிமேல் ஓட்டி இந்த உதையைத் தணிக்கும் வடிவமும் உண்டு. கல்லில் மோதும்போது பின்சக்கரம் பின்னோக்கி விலகுவதால் பிரமாதமாக இறங்கும். கப்பியைக் கழுவி எண்ணெய் போடும் வேலை கூடும்.

சோதிப்பது எளிது. நீண்ட ஏற்றம் ஒன்றில், லீவரைத் திறந்தே வைத்து, மிக லேசான கியரில் உட்கார்ந்து மிதியுங்கள். குனிந்து ஷாக்கைப் பாருங்கள். லேசான அசைவு பரவாயில்லை. வேர் நிறைந்த ஏற்றத்தில் அந்த அசைவுதான் டயருக்குப் பிடிமானம் தருகிறது. ஊஞ்சலாடினால் வேறு வண்டி.

கே: காலைப் பூட்டும் கிளிப் பெடல் இல்லாமல் எண்டியூரோ ஓட்ட முடியாதாமே?

ப: ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் வெறும் தட்டைப் பெடலில் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று முறை உலகத் தொடர் சாம்பியன் ஆனார். தோற்றால் பெடலைச் சாக்காகச் சொல்லும் வசதி அன்றோடு போயிற்று.

கே: காயில் ஸ்பிரிங்கா, காற்று ஷாக்கா?

ப: காற்று. எடை கூடினால் பம்ப் போதும். காயிலுக்கு ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். இறக்கம் தவிர வேறெதுவும் பிடிக்காதவருக்குக் காயில். அப்போதும், கடைசிப் பகுதியில் இறுகிக்கொடுக்கும் ஃபிரேம்தானா என்று கேட்டுவிட்டு.

கே: ‘வாங்கியதோடு சரி, ஓட்டவே இல்லை’ என்று ஒருவர் பழைய வண்டியை விற்கிறார்.

ப: வண்டியைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடிக்குழாயில் கல் பட்ட தழும்பு இருந்தால் அது யாரிடம் ஓடியது என்று கேளுங்கள். பிறகு சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். ‘டொக்’ என்றால் இணைப்பு பேரிங்குகள் தேய்ந்திருக்கலாம். ஃபோர்க் தண்டில் நகம் ஓட்டுங்கள். கீறலில் நகம் மாட்டினால் விலகிவிடுங்கள். ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றுவது சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய வேலை. எப்போது செய்தீர்கள் என்று கேட்டதும் அவர் வானத்தைப் பார்த்தால், அந்தச் செலவைக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள்.

கே: கனடாவின் விஸ்லருக்குப் போகிறேன். அங்கே வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாமா?

ப: செய்யலாம், ஒரு எச்சரிக்கையோடு. விஸ்லர் பைக் பார்க்கில் லிஃப்ட் மேலே கொண்டுபோய் விடும். மிதிக்காமல் இறங்கினால் எல்லா வண்டியும் தேவலோக வாகனம்தான். இத்தாலியின் ஃபினாலே லிகுரேயிலும் வேனில் ஏற்றிவிடும் சேவை உண்டு. ஆகவே ஒரு ஏற்றமாவது சொந்தக் காலில் ஏறுங்கள்.

இறக்கத்தில் ஒரே பாதையை மூன்று முறை ஓட்டுங்கள். முதல்முறை எதையும் தொடாமல். அடுத்த முறை ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தை, இரண்டு கிளிக் மாற்றி. மூன்றாவது முறைதான் வேகமாக. முடித்ததும் ஷாக் வளையத்தைப் பாருங்கள்: பாதையிலேயே மிக மோசமான ஒரு இடத்தில் மட்டும் கடைசிவரை போயிருந்தால் காற்று சரி. கை மரத்துப்போனால் பிரேக் லீவரின் கோணத்தைத் திருப்புங்கள். வண்டியைத் திட்டுவது அதற்கப்புறம்.