காலாட்டல்: ஒரு குருதியியல் முன்னாய்வு

உட்கார்ந்த இடத்தில் காலாட்டுவோர் மீது நம் வீடுகளில் தலைமுறைகளாக நிலுவையில் இருக்கும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: "காலை ஆட்டாதடா, தரித்திரம்!" காலுக்கும் தரித்திரத்துக்கும் உள்ள தொடர்பை எந்தப் பாட்டியும் இன்றுவரை நிறுவவில்லை. குற்றவாளித் தரப்பில் வாதாட ஆளில்லாத காரணத்தால் அப்பொறுப்பை இவ்வாய்வு ஏற்கிறது.

இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதற்காகவே அதன்மேல் அத்தனை பாட்டுகள். போனது திரும்பி வந்தால்தானே அடுத்த துடிப்புக்குச் சரக்கு? சிரைகளுக்கு வந்துசேர்வதற்குள் இதயத்தின் வேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறும். மேலே நிற்கும் ரத்தத்தின் கனம் அப்படி. அவரே கொஞ்சம் நடந்தால் அது 30க்கு இறங்கிவிடும். உபயம்: ஆடுசதை. இறுகும்போது அது தன் நடுவே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. பிழிந்தது கீழே வழியாதபடி உள்ளே ஒருவழிக் கதவுகள்.

இக்கதவுகளைப் பற்றிப் பதுவா நகரின் ஃபாப்ரீசியஸ் 1603-இல் தனி நூலே எழுதினார். கை கால்களுக்கு ரத்தம் வெள்ளமாய்ப் பாயாமல் தடுப்பவை என்றார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, புஜத்தில் கட்டுப் போட்டு, புடைத்த சிரையை விரலால் நீவிப் பார்த்தார். மேல்நோக்கி நீவினால் ரத்தம் போயிற்று. கீழ்நோக்கி நீவினால் கதவருகே நின்றுவிட்டது. கதவுகள் ரத்தத்தை இதயம் நோக்கி மட்டுமே விடுகின்றன என்ற அம்முடிவு 1628-இல் நூலாயிற்று. வாத்தியாரைத் திருத்திய மாணவனுக்கு நம்மூரில் என்ன கிடைக்கும் என்பது வேறு ஆய்வுக்குரியது.

ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதில் மூச்சுக்கும் பங்குண்டு. அது மூக்குத் துறையினர் பாடு.

காலாட்டிகள் இருவகையினர். கால்மேல் கால் போட்டு மேல்பாதத்தை மட்டும் ஆட்டுவோர் முதல் வகை. இது பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டார் தோரணை, உடலியல் பயன் சொற்பம். முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, பெஞ்சின் மறுகோடியில் இருப்பவரின் காபி டம்ளரையும் நடுங்கவைப்போர் இரண்டாம் வகை. ஆடுசதையை உண்மையில் வேலை வாங்குபவர்கள் இவர்களே. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் ஆட்களை மூன்று மணி நேரம் உட்காரவைத்து, ஒரு காலை மட்டும் அவ்வப்போது ஆட்டச் சொன்னார்கள். ஆட்டிய காலில் ரத்த ஓட்டம் கூடியது. சும்மா கிடந்த காலில் குறைந்தது. 2016-இல் வெளியான இம்முடிவு பாட்டிகளின் பார்வைக்கு இன்னும் வைக்கப்படவில்லை.

உட்காரவே வழியில்லாதவர்கள் கதை தனி. ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே புடவை விரித்துக் காட்டுவார்கள். ரத்தம் காலிலேயே தேங்கும், சாயங்காலம் கணுக்கால் வீங்கும், சிலருக்குக் காலப்போக்கில் சிரைகள் சுருண்டு புடைக்கும். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தந்தாக வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. அந்த இருக்கையில் அமர்ந்து காலாட்டலாமா என்பது பற்றி அதில் பேச்சில்லை. தடையில்லாததால் அனுமதி உண்டென்றே கொள்ளலாம்; சூப்பர்வைசர் வரும்போது மட்டும் முதல் வகைக்கு மாறாதிருப்பது நலம்.