கேள்வி–பதில்: கொச்சியில் எந்தக் கரையில் இறங்குவது?

கேள்வி: சொந்தக் காரில் கொச்சி போகிறோம். ஊர் சுற்ற கார் இருப்பது வசதிதானே?
– கோவை வாசகர்

பதில்: ஊர் போய்ச் சேர வசதி. சுற்றுவதற்கு இல்லை.

பாலக்காடு, திருச்சூர் வழியாக இடப்பள்ளி வரை நெடுஞ்சாலை சுகமாகக் கொண்டுவந்து விட்டுவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ரயில் நிலையங்களும் கடைவீதிகளும் உள்ள எறணாகுளம் ஒரு கரை. பழைய தேவாலயங்களும் சீன வலைகளும் உள்ள ஃபோர்ட் கொச்சி காயலுக்கு அந்தக் கரை. நடுவில், துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய வில்லிங்டன் தீவு. காரில் போகிறவர் பாலம் ஏறி, தீவைக் கடந்து, தோப்பும்படி நெரிசலில் நின்று சுமார் 12 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். மாலை நேரத்தில் அதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும். எறணாகுளம் படகுத்துறையில் அரசுப் படகு ஏறியவர் 20 நிமிடத்தில் அக்கரையில் இறங்கி, சீன வலைப் பக்கம் நடந்துகொண்டிருப்பார். கட்டணம் ஒரு டீயின் விலையைத் தாண்டாது. அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் அதே படகு. இதைவிட நல்ல உல்லாசப் படகு அந்த ஊரில் கிடையாது.

கார் எறணாகுளத்து விடுதியிலேயே நிற்கட்டும். வண்டியோடுதான் அக்கரை போவேன் என்றால் வைப்பின் தீவு வரை ஓட்டிப் போய், அங்கிருந்து வண்டிகளை ஏற்றும் ஜங்கார் படகில் காரையும் ஏற்றிக் கடக்கலாம். பயணம் சில நிமிடங்கள்தான். ஆனால் விடுமுறை நாளில் வரிசை நீளம்.

கேள்வி: டிக்கெட் போடப் போனால் எறணாகுளம் ஜங்ஷன், எறணாகுளம் டவுன் என்று இரண்டு வருகிறது. இதில் எது கொச்சி?
– சென்னை வாசகி

பதில்: இரண்டும் கொச்சிதான். ஊர்க்காரர்கள் ஜங்ஷனை ‘சவுத்’ என்பார்கள், டவுனை ‘நார்த்’ என்பார்கள். ஆட்டோவிலும் அப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரியும். சென்னையிலிருந்து கிளம்பும் திருவனந்தபுரம் மெயில் டவுனில் நிற்கும். ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஜங்ஷனைத் தொட்டுத்தான் போக முடியும். திரும்பும் நாளில் டிக்கெட்டை எடுத்து எந்த நிலையம் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள். ஒன்றுக்கு மற்றொன்று மாறிப் போனால் ரயில் காத்திருக்காது. இரண்டுக்குமே பக்கத்தில் மெட்ரோ உண்டு. டவுனுக்கு டவுன் ஹால் நிலையம், ஜங்ஷனுக்கு எறணாகுளம் சவுத்.

கேள்வி: பாட்டிக்கு முழங்கால் வலி. படகில் கால் வைக்கவே பயப்படுகிறார். ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?
– மதுரை வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ அவருக்காகவே வந்ததுபோல இருக்கும். அதன் ஜெட்டி மிதவையின் மேல் நிற்கிறது. வேலியேற்றத்தில் தண்ணீர் உயர்ந்தால் ஜெட்டியும் உயரும், வற்றினால் கூடவே இறங்கும். அதனால் படகின் தளமும் ஜெட்டியின் தளமும் எப்போதும் ஒரே மட்டம். தாவ வேண்டாம், தொங்க வேண்டாம். சக்கர நாற்காலியையும் நேரே உருட்டிப் போகலாம். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய இந்தப் படகுகள் பேட்டரியில் ஓடுவதால் புகையும் இரைச்சலும் கிடையாது, உள்ளே ஏ.சி. வேறு. ஹைகோர்ட் ஜெட்டியில் ஏறினால் ஃபோர்ட் கொச்சி. பாட்டியை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். அரசுப் படகில் ஏறத்தான் ஒரு தாவல் வேண்டியிருக்கும். அது பேரன்களுக்கு.

கேள்வி: எங்களுக்குக் கிடைப்பது வெள்ளி, சனி இரண்டே நாள். மட்டாஞ்சேரி முழுவதும் பார்த்துவிட முடியுமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: அந்த இரண்டு நாளும்தான் மட்டாஞ்சேரிக்கு ஆகாத நாள். டச்சு அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568-ல் கட்டிய பரதேசி யூதக் கோயில் வெள்ளியும் திறக்காது, சனியும் திறக்காது. முடிந்தால் லீவை ஞாயிறு, திங்களுக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் வெள்ளியன்று ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்தது அங்கேதான். உடலைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. சனியன்று மெட்ரோவில் கடைசி வரை போய்த் திருப்பூணித்துறை ஹில் பேலஸ். (அதற்குத் திங்கள் விடுமுறை.)

கேள்வி: சீன வலை, தேவாலயம் எல்லாம் எல்லோரும் பார்ப்பது. தமிழர்கள் பார்க்க வேண்டியது என்று ஏதாவது உண்டா?
– தஞ்சை வாசகி

பதில்: உண்டு. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் உள்ள தோபி கானா. டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே அதே தொழிலைச் செய்கிறார்கள்.

கொடியில் ஒரு கிளிப்கூட இருக்காது. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. புரிகளின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் கயிறு விடாது. கஞ்சி போட்டு வெயிலில் விறைத்த வேட்டிகள் வரிசையாகத் தொங்க, உள்ளே கனமான இஸ்திரிப் பெட்டி இரண்டே இழுப்பில் சட்டையின் முதுகை முடித்துவிடும். காலையில் போங்கள். வேலை நடக்கும் இடம் என்பதால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் முகம் மலரும்.

கேள்வி: கடலில் குளிக்கலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: ஃபோர்ட் கொச்சிக் கரையில் வேண்டாம். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கரை ஒதுங்கியிருக்கும், மணலும் குறைவு. குளிக்க செராய் கடற்கரைக்குப் போங்கள். வைப்பின் தீவின் வடபகுதியில் இருக்கிறது, பஸ் போகும்.

கேள்வி: டிசம்பர் 31 அன்று ஃபோர்ட் கொச்சியில் பப்பாஞ்ஞி என்ற பொம்மையை எரிப்பதைப் பார்க்க ஆசை. இரவே எறணாகுளம் திரும்பிவிடலாமா?
– திருச்சி கல்லூரி மாணவர்

பதில்: ஆசை நியாயமானது, திட்டம்தான் சரியில்லை. அன்று ஊரே அந்தச் சின்ன முனையில் கூடும். ஃபோர்ட் கொச்சிக்குள் வண்டிகளுக்குப் போலீஸ் கட்டுப்பாடு இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். ஃபோர்ட் கொச்சிக்குள்ளேயே நடக்கும் தூரத்தில் மாதக்கணக்கில் முன்னதாக அறை போடுங்கள். அறை கிடைக்காவிட்டால் அந்த ராத்திரியை விட்டுவிடுங்கள். கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

கேள்வி: ஃபோர்ட் கொச்சியிலிருந்து விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?
– சிங்கப்பூர் வாசகி

பதில்: விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி, நகரத்துக்கு வடக்கே, எறணாகுளத்திலிருந்தே சுமார் 30 கிலோமீட்டர். ஃபோர்ட் கொச்சியிலிருந்து டாக்ஸியில் சாதாரணமாக ஒன்றரை மணி நேரம், மாலை நெரிசலில் இரண்டும் ஆகலாம். சுமை குறைவென்றால் வாட்டர் மெட்ரோவில் ஹைகோர்ட் வந்து, ஆட்டோவில் மெட்ரோ நிலையம் போய், ஆலுவா வரை ரயிலேறுங்கள். அங்கிருந்து விமான நிலையத்துக்கு இணைப்பு பஸ் உண்டு. பெட்டிகள் நிறைய, விமானமும் விடியற்காலை என்றால் கடைசி இரவுக்கு ஆலுவா பக்கம் அறை போட்டுவிடுங்கள்.